அப்பாவின் புக்கிங் நோட்டு

கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில், 14 அறைகள் கொண்ட எங்கள் குடும்ப விடுதி இருக்கிறது. அதன் வரவேற்பு மேசை இழுப்பறையில் நீளவாக்கில் தைத்த ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு 14 வரி. தொலைபேசியில் அறை கேட்பவரின் பெயரை அப்பா பென்சிலால் எழுதிவைப்பார். முன்பணம் மணியார்டரில் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பென்சில் எழுத்தின் மேல் பேனா ஓடும். பணம் வராத பெயர்களை, குறிப்பிட்ட நாளுக்கு மூன்று நாள் முன்பாக ரப்பரால் அழித்துவிட்டு, அந்த வரியை வேறொருவருக்குக் கொடுப்பார். அழித்து அழித்து மே மாதப் பக்கங்கள் மட்டும் மெலிந்துபோய், பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும்.

சுற்றுலாத் தொழில் இணைய விற்பனைக்கு மாறிய கதையைச் சொல்பவர்கள் செயலி, கூப்பன், தள்ளுபடி என்றே தொடங்குகிறார்கள். அதே மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. நடந்தது இந்த நோட்டின் கைமாற்றம்தான். விடுதி அறையும் பேருந்து இருக்கையும் விற்பனைச் சரக்குகளிலேயே மிக விரைவில் கெட்டுப்போகிறவை. தக்காளியாவது மறுநாள் பாதி விலைக்குப் போகும். நேற்றிரவு காலியாகக் கிடந்த 9-ஆம் எண் அறையை இன்று எந்த விலைக்கும் விற்க முடியாது. ஆகையால், எந்தத் தேதியில் எது காலி என்ற கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இந்தத் தொழிலை நடத்துகிறவர் ஆகிறார். கட்டடத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

இதை முதலில் புரிந்துகொண்டவை விமான நிறுவனங்கள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் அட்டை இருந்தது. சுழலும் அடுக்கு ஒன்றைச் சுற்றி அமர்ந்த எட்டுப் பேர் அந்த அட்டைகளைத் தேடி எடுத்து, விற்ற இருக்கைக்கு ஓரத்தில் ஒரு குறி போடுவார்கள். ஒரு முன்பதிவு முடியச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்பாவின் நோட்டு அதைவிட வேகமானது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 1953-இல் அந்நிறுவனத்தின் தலைவரும் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவரும் ஒரே விமானத்தில் அருகருகே அமர நேர்ந்ததும், இருவரின் குடும்பப் பெயரும் ஸ்மித் என்று இருந்ததும், அந்தப் பேச்சிலிருந்து சேபர் என்ற கணினி முன்பதிவு முறை பிறந்ததும் இத்தொழிலில் பலரும் அறிந்த கதை. 1964-க்குள் அந்நிறுவனத்தின் முன்பதிவு முழுவதும் அதற்குள் வந்துவிட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 1976 முதல் சேபர் திரைகள் பயண முகவர்களின் அலுவலகங்களுக்கே போய்ச் சேர்ந்தன. முகவர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு விமானம் தேடினால், திரையின் உரிமையாளருடைய விமானம் முதல் வரியில் வரும். போட்டியாளருடையது கீழே எங்கோ கிடக்கும். முதல் திரையைத் தாண்டிப் பார்க்க முகவருக்கு ஏது நேரம்? போட்டி நிறுவனங்களின் புகார்கள் குவிந்து, 1984-இல் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து வாரியம் இப்படி ஒருதலையாகக் காட்டுவதற்குத் தடை விதித்தது. இணைய வணிகம் என்ற சொல் பரவுவதற்கு முன்பே இணைய வணிகத்தின் தலையாய தகராறு ஒன்று நடந்து முடிந்துவிட்டது. இன்று விடுதி தேடும் செயலியில் எங்கள் பெயர் மூன்றாவதாக வருகிறதா, முப்பதாவதாக வருகிறதா என்று காலையில் எழுந்ததும் பார்க்கிறேனே, அது அந்தத் தகராறின் மிச்சம்தான்.

இந்தியாவில் பெரும்பான்மையோருக்கு இணையத்தில் பயணம் வாங்கக் கற்றுக்கொடுத்தது ரயில். ஐஆர்சிடிசி 2002 ஆகஸ்டில் இணையவழிப் பயணச்சீட்டு விற்பனையைத் தொடங்கியபோது, பணத்தை இணையத்தில் கட்ட வேண்டும்; அச்சிட்ட சீட்டு கூரியரில் வீட்டுக்கு வரும். சீட்டை நாமே அச்சிட்டுக்கொள்ளும் முறை 2005-இல்தான் வந்தது. ரயிலில் நோட்டு ஒன்றே ஒன்று, அதை வைத்திருப்பது அரசு. எனவே அங்கே கைமாற்றம் என்ற சிக்கல் எழவில்லை. தட்கல் திறக்கும் நிமிடத்தில் யார் விரல் முந்துகிறது என்ற சிக்கல்தான்.

பேருந்தின் கதை எங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது. தனியார் பேருந்துகளின் இருக்கைகள், ஊர் ஊராக இருந்த முகவர்களின் நோட்டுகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. 2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போகச் சீட்டு கிடைக்காத ஒரு பொறியாளர், எங்கோ காலியாக ஓடிய இருக்கைகளைப் பற்றித் தனக்குத் தெரிய வழியில்லாமல் போனதே என்று யோசித்ததிலிருந்து, மறு ஆண்டு ரெட்பஸ் என்ற இணையவழிப் பேருந்து முன்பதிவுத் தளம் பிறந்தது. தொடக்கத்தில் பேருந்து உரிமையாளர்கள் சில இருக்கைகளை மட்டும் ஒதுக்கித் தந்தார்கள். மற்றவை பழைய நோட்டிலேயே இருந்தன. பிறகு ரெட்பஸ் உரிமையாளர்களுக்கென்றே ஒரு மென்பொருளைத் தயாரித்தது. முழு இருக்கைக் கணக்கையும் அதில் வைத்துக்கொள்ளலாம். முகவர், அலுவலகம், இணையம் எல்லாம் அதே படத்தைப் பார்க்கும். நான்கு இருக்கைகளை விற்றுக் கொடுக்க வந்தவர் நோட்டையே தயாரித்துக் கொடுப்பவராக மாறிய இடம் அது. நல்ல மென்பொருள்தான், உரிமையாளர்களுக்கு நன்மையும் செய்தது. ஆனால் அந்த நகர்வைக் கவனிக்காமல் இத்தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது.

எங்கள் ஊருக்கு வருகிறேன். செயலிகள் வருவதற்கு முன்பும் இடைத்தரகர் இல்லாமல் இல்லை. அதிகாலையில் பேருந்திலிருந்து இறங்குபவரை, 'ரூம் வேணுமா சார், சுடுதண்ணி இருக்கு' என்று சூழ்ந்துகொள்ளும் தரகர்கள் உண்டு. டாக்சி ஓட்டுநர்களும் அழைத்து வருவார்கள். சீசனில் அவர்களுக்கு நாங்கள் கொடுத்த கமிஷன், இன்று செயலிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆகையால், கமிஷன் என்ற சொல்லைக் கேட்டதும் கொதித்தெழும் சக விடுதிக்காரர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. தரகர் மேசை வரை வருவார், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இழுப்பறையைத் திறக்க மாட்டார். அதுதான் வேறுபாடு.

2012-இல் ஒரு பயண இணையதளத்தின் விற்பனைப் பிரதிநிதி ஒப்பந்தப் படிவத்தோடு வந்தார். அவர் கேட்டது மூன்று அறைகள். அப்பா இரண்டு கொடுத்தார். அந்தத் தளம் எங்களுக்கென ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டது, எக்ஸ்ட்ராநெட் என்பார்கள். அதில் தேதிக்கு எத்தனை அறை, என்ன வாடகை என்று நாங்களே நிரப்ப வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு தளம் வந்தது, அதன் பின் மூன்றாவது. அப்போது ஒரே விடுதிக்கு நான்கு நோட்டுகள்: மூன்று திரையில், ஒன்று இழுப்பறையில். ஒரு தளத்துக்கு ஒதுக்கிய அறையை மேசையில் நேரில் விற்றால், அந்தத் தளத்தில் ஓடிப்போய் மூட வேண்டும்.

ஒரு டிசம்பர் கடைசியில் அது முடியாமல் போனது. மாலையில் மழை பிடித்து, மின்சாரம் போய், இணையமும் போய்விட்டது. ஆறரை மணிக்குப் பாலக்காட்டிலிருந்து வந்த தம்பதிக்குக் கடைசி அறையைக் கொடுத்துவிட்டு, தளத்தில் மூடுவதற்கு நெட் இல்லாமல் நான் கைப்பேசியை ஜன்னலில் நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த இடைவெளியில் ஏழு மணிக்கு யாரோ அதே அறையை வாங்கிவிட்டார்கள். இரவு பத்தரைக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு குடும்பம், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முழுப் பணமும் கட்டிய ரசீதைக் கைப்பேசியில் காட்டி நின்றது. ஊரில் எந்த விடுதியிலும் அறை இல்லை. தளத்தின் மீது இதில் குற்றமில்லை, தவறு எங்களுடையது. அப்பா எதுவும் பேசாமல் மாடிப் படியேறினார். அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் பாட்டியின் இரும்புக் கட்டில், இரண்டு மெத்தை, நான்கு கம்பளி எல்லாம் தயார். பாட்டி சமையலறையில் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அந்தக் குடும்பத் தலைவர் அப்பாவிடம் கேட்ட ஒரே கேள்வி, 'ஐயா, உங்க நோட்டுல எங்க பேரு இருந்துச்சா?' என்பதுதான். இருக்கவில்லை.

அதன் பிறகுதான் நாங்கள் சேனல் மேனேஜர் வாங்கினோம். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளியது. எல்லாத் தளங்களுக்கும் நடுவில் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் ஓர் அறை விற்றால் மற்ற எல்லா இடங்களிலும் ஒன்றைக் குறைத்துவிடும். ஓர் அறை மட்டும் மிச்சம் இருந்தாலும் அதை எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் விற்பனைக்குக் காட்டலாம்; முதலில் வாங்குபவருக்குப் போய், மற்ற இடங்களில் மறைந்துவிடும். தளத்துக்கு இரண்டு அறை என்று பிரித்துக் கொடுத்த காலத்தில், ஒரு தளத்தில் விற்காமல் கிடந்த அறையை இன்னொரு தளத்தில் தேடியவருக்குக் கொடுக்க வழியில்லாமல் எத்தனை இரவுகள் வீணாயின என்பது அப்போதுதான் விளங்கியது. வாடகையையும் அதிலேயே ஏற்றி இறக்கலாம். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விலை, சனிக்கிழமைக்கு ஒரு விலை. வெள்ளியோ திங்களோ அரசு விடுமுறை என்றால் இன்னொரு விலை. அப்பா ஆண்டுக்கு இரண்டு விலைதான் வைத்திருந்தார், சீசன் விலையும் சாதா விலையும். தேதிக்குத் தேதி விலை மாற்றுவது அவருக்கு இன்றுவரை நேர்மையில்லாத செயலாகவே படுகிறது. நான் அதைச் செய்கிறேன்.

இனி கணக்கு. ஒரு சாதாரண நாளில் 2,000 ரூபாய் வாடகையுள்ள அறையைத் தளம் விற்றுத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஒப்பந்தப்படி கமிஷன் 18 சதவீதம், அதாவது 360 ரூபாய். அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, 64 ரூபாய் 80 காசு. தளம் எங்கள் பெயரில் பிடித்து அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி டிசிஎஸ் அரை சதவீதம், 10 ரூபாய். வருமான வரி டிடிஎஸ் 0.1 சதவீதம், 2 ரூபாய். கைக்கு வருவது 1,563 ரூபாய் 20 காசு. கடைசி இரண்டும் பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியவை என்பதால் அவற்றை விட்டுவிடலாம். ஆனால் அந்த 64 ரூபாய் 80 காசில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விருந்தினருக்கு நல்ல செய்தி. அதே ஆணையில் உள்ளீட்டு வரிச் சலுகையை எடுத்துவிட்டார்கள். முன்பு கமிஷனுக்குக் கட்டிய வரியை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டோம். இப்போது அது எங்கள் கையைவிட்டுப் போகும் செலவு. அதைப் பற்றி எங்கள் ஊர் விடுதிக்காரர்களிடம் கேளுங்கள், தேநீர் ஆறிவிடும்.

இதற்கு மேல் தளங்கள் வைக்கும் சலுகைத் திட்டங்கள் இருக்கின்றன. கைப்பேசியில் வாங்குபவருக்குப் பத்து சதவீதம், அடிக்கடி பயணம் செய்பவருக்குப் பத்து சதவீதம் என்று விருந்தினருக்குத் தளத்தின் பெயரில் கிடைக்கும் பல தள்ளுபடிகள் விடுதியின் பணத்திலிருந்து போகின்றன. சேர வேண்டியது கட்டாயமில்லை. சேராவிட்டால் வரிசையில் கீழே போய்விடுவோம். சேபர் திரை நினைவுக்கு வருகிறது.

விலை யாருடையது என்ற கேள்வி நீதி மன்றங்கள் வரை போயிருக்கிறது. தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக வேறெங்கும், தன் சொந்த வலைத்தளத்தில்கூட, விடுதி விற்கக் கூடாது என்ற நிபந்தனையை விலைச் சமநிலை என்பார்கள். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், இந்த நிபந்தனை உள்ளிட்ட காரணங்களுக்காக பயணத் தளங்களான மேக்மைட்ரிப், கோஐபிபோ இணைந்த குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும், போட்டி விடுதிகளைத் தளத்தில் காட்டாமல் ஒதுக்க அக்குழுமத்தோடு செய்த ஏற்பாட்டுக்காக விடுதி நிறுவனமான ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்து, அந்த நிபந்தனையை ஒப்பந்தங்களிலிருந்து நீக்குமாறு மேக்மைட்ரிப் தரப்புக்கு உத்தரவிட்டது. அந்நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் இந்திய ஹோட்டல், உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பும் ஒன்று. ஐரோப்பாவில் புக்கிங்.காம் நிறுவனத்துக்கும் ஜெர்மன் விடுதிகளுக்கும் இடையே நடந்த வழக்கில், இத்தகைய நிபந்தனை இல்லாவிட்டால் தளமே நடத்த முடியாது என்ற வாதத்தை 2024 செப்டம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஏற்கவில்லை. 14 அறை வைத்திருப்பவனுக்கு லக்சம்பர்க் தீர்ப்பால் என்ன ஆகும் என்று கேட்கலாம். சொந்த விலையைச் சொந்தமாகச் சொல்ல எங்களுக்கு இருக்கும் துணிச்சல் இப்படிப்பட்ட தீர்ப்புகளிலிருந்துதான் வருகிறது.

கணக்கில் வராத இழப்பு ஒன்றும் உண்டு. தளத்தின் வழியாக வாங்குபவரின் உண்மையான மின்னஞ்சல் முகவரி பல நேரங்களில் எங்களுக்குத் தெரியாது. தளம் உருவாக்கிய மாற்று முகவரிக்கு நாங்கள் எழுதினால் அது அவருக்குப் போய்ச் சேரும். அறையில் தங்கி, எங்கள் கைத் தேநீர் குடித்து, ஆதார் நகலைக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டவர், அடுத்த ஆண்டு தளத்தின் வாடிக்கையாளராகத்தான் திரும்பி வருகிறார். மதிப்பெண்ணும் அங்கேதான் சேர்கிறது. மூடுபனியால் பள்ளத்தாக்கு தெரியவில்லை என்று ஒருவர் பத்துக்கு நான்கு கொடுத்தார். பனியைக் குறைக்க முயல்கிறோம் என்று பதில் எழுதினேன். அதை அப்பா அழிக்கச் சொன்னார்.

எங்கள் பெயரே எங்களிடமிருந்து நழுவிய சம்பவமும் நடந்திருக்கிறது. இணைய வரைபடம் ஒன்றில் எங்கள் விடுதிக்கு நேராக இருந்த தொலைபேசி எண்ணை யாரோ மாற்றிவிட்டார்கள். அந்த எண்ணில் பேசியவர் எங்கள் அறைகளின் படங்களையே அனுப்பி, முன்பணமாக 3,000 ரூபாயை வாங்கிக்கொண்டார். பணத்தைப் பறிகொடுத்தவர் பெட்டியோடு வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரை உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசவைத்தோம். 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைத்து, கேதார்நாத் ஹெலிகாப்டர் சீட்டு போன்றவற்றை விற்பதாகச் சொல்லும் போலி முன்பதிவுத் தளங்களைப் பற்றி எச்சரித்ததைப் படித்தபோது, கேதார்நாத் ஹெலிகாப்டருக்கும் எங்கள் 9-ஆம் எண் அறைக்கும் ஒரே வகைத் திருடன்தான் என்று தெரிந்தது. இப்போது வாரம் ஒருமுறை வரைபடத்தில் எங்கள் எண் எங்களுடையதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் மேல் 2024 மே 7 முதல் இன்னொரு நோட்டு வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வருபவர்கள் இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கோடை சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இது பொருந்தாது. ஏரிச் சாலையில் மணிக்கணக்கில் நின்று ஹாரன் அடிக்கும் கார்களைப் பார்த்தவன் என்பதால், வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து. இதைச் சொன்னதற்காகச் சக விடுதிக்காரர்களிடம் வசவு வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு நோட்டுகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. அறையை வாங்கிப் பணமும் கட்டியவருக்கு அந்த நாளில் பாஸ் தீர்ந்துவிட்டால், அவர் எங்களைத்தான் அழைக்கிறார். அறை விற்கும் இடத்திலேயே பாஸ் எண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பதற்குத் தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை.

எங்கள் சொந்த வலைத்தளத்தில் இப்போது முன்பதிவு வசதி இருக்கிறது. அதுவும் அதே சேனல் மேனேஜரோடு இணைந்தது. ஆனாலும் நேரடியாக வருபவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. வாட்ஸ்அப்பில் தேதியைக் கேட்கிறார்கள், அறையின் படத்தைக் கேட்கிறார்கள், யுபிஐயில் ஆயிரம் ரூபாய் அனுப்பிவிட்டுத் திரைப்படத்தை அனுப்புகிறார்கள் (ஸ்கிரீன்ஷாட்டைச் சொல்கிறேன்). மணியார்டர் வர ஒரு வாரம் ஆன இடத்தில் இப்போது மேசையில் இருக்கும் யுபிஐ ஒலிப்பெட்டி உடனே தொகையைக் கத்திச் சொல்கிறது. இந்தப் பணமாற்றத்துக்கு எங்களிடம் கமிஷன் பிடிப்பதில்லை. பென்சிலுக்கும் பேனாவுக்கும் இடையே இருந்த ஒரு வார இடைவெளி போய்விட்டது. தளங்களிலோ நேர்மாறாக, பணமில்லாமல் பதிவு, இலவச ரத்து என்று பென்சில் பெயர்கள் பெருகிவிட்டன. ஒரே குடும்பம் மூன்று விடுதிகளில் எழுதிவைத்து, முந்தின நாள் இரண்டை அழிக்கிறது.

இழுப்பறை நோட்டு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் அப்பா என் திரையைப் பார்த்து அன்றைய பக்கத்தையும் மறுநாள் பக்கத்தையும் நிரப்பிவிடுவார். மழைக்காலத்தில் நெட் போகும் இரவுகளில் அதை வைத்துத்தான் நடத்துகிறோம்.

போன வாரம் காரைக்குடிக்காரர் அழைத்தார். அந்த டிசம்பருக்குப் பிறகு அவர் ஆண்டுதோறும் வருகிறார். தளத்துக்குப் போகாமல் நேரே என் எண்ணில் பேசுவார். மே மாத இரண்டாம் வாரத்துக்கு இரண்டு அறைகளைக் கேட்டார். வாடகையைச் சொன்னதும், 'தம்பி, ஆப்புல எரநூறு ரூபா கம்மியாக் காட்டுதே' என்றார். திறந்து பார்த்தேன். உண்மைதான். தளம் தன் கமிஷனிலிருந்து ஒரு கூப்பனை எடுத்துப் போட்டிருந்தது. அந்த 200 ரூபாயை நான் குறைத்தாலும் தளத்தின் வழியாக வருவதைவிட அறைக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் எனக்கு மிஞ்சும் என்று மனக்கணக்குப் போட்டு, சரி என்றேன். பேசி முடிப்பதற்குள் பெட்டி இரண்டாயிரம் ரூபாய் என்று கத்தியது. அப்பா நோட்டைப் புரட்டி, மே மாதப் பக்கத்தை எடுத்து, அவர் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டு, வாடகை எவ்வளவு போட என்று என்னைக் கேட்டார்.